எடுத்தது என்ன, எவ்ளோ, எப்போ

கச்சேரி நடக்குற இடத்துல இருக்குற எங்க மெடிக்கல் டென்ட்டுக்குள்ள ஒருத்தரை ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சு கூட்டிட்டு வந்தா, பேர் கேட்டு உக்கார வெச்சதும் நாங்க கேக்குறது இந்த மூணுதான். போதைக்கோ மருந்தாவோ என்ன எடுத்தீங்க, எவ்ளோ எடுத்தீங்க, எப்போ எடுத்தீங்க. கேக்குறது ஈஸி. உண்மையான பதில் வர்றதுதான் கஷ்டம், ஏன்னா போலீஸ்கிட்ட சொல்லிருவாங்களோ, கச்சேரிய விட்டு வெளிய அனுப்பிருவாங்களோ, வீட்டுக்கு ஃபோன் போயிருமோன்னு எல்லாருக்குள்ளயும் ஒரு பயம் ஓடிட்டே இருக்கும். அந்தப் பயத்தைப் போக்குறதுதான் எங்க வேலைல பாதின்னு நான் உறுதியா நம்புறேன். மீதி பாதிதான் பிபி மெஷின், ஐஸ் பேக், சலைன் எல்லாம்.

நான் கலிஃபோர்னியால பே ஏரியால இருக்கேன். பகல்ல கம்ப்யூட்டர் வேலை. கம்யூனிட்டி காலேஜ்ல ஈவினிங் கிளாஸ் போய் இஎம்டி, அதாவது ஆம்புலன்ஸ்ல அவசர முதலுதவி பாக்குறவங்களுக்கான சர்ட்டிஃபிகேட் வாங்கினேன், அந்த கிளாஸ்ல கூடப் படிச்ச ஒரு பொண்ணு சொல்லித்தான் கச்சேரிகளுக்குன்னே தனியா வாலண்டியர் மெடிக்கல் டீம் இருக்குன்னு தெரிஞ்சுது. சம்பளம் கிடையாது. டாக்டர், நர்ஸ், பாராமெடிக், என்னை மாதிரி இஎம்டி, மருத்துவமே படிக்காம சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்ச அழுத்திக் காப்பாத்துறது) மட்டும் கத்துக்கிட்டு வந்தவங்கன்னு எல்லாரும் கலந்த டீம் அது. எல்லா விதமான கச்சேரிக்கும் போறோம், ஆனா எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்சது ஜாம் பேண்ட் கச்சேரிதான், அதுல இருக்குற வேலையும் தனி ரகம்.

ஜாம் பேண்ட் கேட்டே இல்லாதவங்களுக்கு, ராகம் தானம் பல்லவிய நினைச்சுக்கோங்க, பல்லவி ஒரு வரிதான், அதை வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் எங்கெங்கயோ போயிட்டு வர்ற மாதிரி, இவங்களும் ஒரு பாட்ட எடுத்தா இருபது நிமிஷம் விரிச்சுக்கிட்டே போவாங்க, நேத்து வாசிச்ச மாதிரி இன்னிக்கு வாசிக்க மாட்டாங்க. இதுக்கெல்லாம் மூத்தது 1965-ல இதே பே ஏரியால ஆரம்பிச்ச கிரேட்ஃபுல் டெட். ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற பாட்டு, வேற வேற வாசிப்புங்கறதால ரசிகர்கள் ஊர் ஊரா பின்னாடியே போவாங்க. கச்சேரிய ரெக்கார்ட் பண்ற ரசிகர்களுக்குன்னு 1984-ல இருந்து தனியா இடமே ஒதுக்கிக் குடுத்த பேண்ட் அது. அதோட கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட்ல இறந்து போனதோட அந்தப் பேர்ல வாசிக்கிறதை நிறுத்திட்டாங்க, ஆனா அதுல இருந்தவங்க வேற வேற பேர்ல தொடர்ந்து வாசிச்சாங்க, 2025 ஆகஸ்ட் 1, 2, 3 தேதிகள்ல சான் ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பார்க்ல டெட் அண்ட் கம்பெனி மூணு நாள் வாசிச்சு 60 வருஷத்தைக் கொண்டாடினாங்க.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா இந்தப் பாட்டோட அமைப்புதான் எங்க டென்ட்டுக்கு யார் வருவாங்க, எப்போ வருவாங்கன்னு முடிவு பண்ணுது. கச்சேரி மூணு மணி நேரத்துக்கு மேல போகும், நடுவுல ஒரு இடைவேளை, பெரும்பாலான ஜனங்க உக்காரவே மாட்டாங்க, ஆடிக்கிட்டேதான் இருப்பாங்க. பார்க்கிங் லாட்ல மத்தியானமே கூடிருவாங்க, அங்கயே சாப்பாட்டுக் கடை, டி ஷர்ட் கடைன்னு ஒரு சந்தையே நடக்கும், அதை ஷேக்டவுன் ஸ்ட்ரீட்னு சொல்வாங்க. தொடர்ந்து ரெண்டு மூணு ராத்திரி கச்சேரின்னா, முந்தின நாள் தூங்காம, சரியா சாப்பிடாம, கார்லயே படுத்து எந்திரிச்சு வந்தவங்க நிறைய. வயசும் பாருங்க, இருபது வயசுப் பசங்களும் இருப்பாங்க, கல்லூரிக் காலத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்குற எழுபது வயசுத் தாத்தாவும் இருப்பார், ரெண்டு பேரும் அதே வெயில்ல அதே மேட்டுப் புல்வெளில ஆடிட்டு இருப்பாங்க.

இந்த மாதிரி மெடிக்கல் டீமுக்கு ஒரு வரலாறு இருக்கு, அது எனக்கு முக்கியமாப் படுது. 1967-ல சான் ஃபிரான்சிஸ்கோ ஹெய்ட் ஆஷ்பரி ஏரியால நாடு முழுக்க இருந்து இளைஞர்கள் வந்து குவிஞ்சப்போ, அவங்கள வேற எந்த ஆஸ்பத்திரியும் மரியாதையா நடத்தலன்னு டாக்டர் டேவிட் ஸ்மித் ஒரு இலவச கிளினிக் திறந்தார். மருத்துவம் உரிமை, சலுகை இல்லங்கறதுதான் அவங்க கொள்கை. அப்புறம் 1973-ல கேசார் ஸ்டேடியத்துல கிரேட்ஃபுல் டெட், லெட் செப்பெலின் கச்சேரிகள் வந்தப்போ நிகழ்ச்சி நடத்துற பில் கிரஹாம் அந்த கிளினிக்க உதவிக்குக் கூப்பிட்டார், அதுல இருந்துதான் ராக் மெடிசின்ங்கற அமைப்பு வந்துச்சு, இன்னிக்கும் நடக்குது. திட்டாம, தீர்ப்பு சொல்லாம, ரகசியம் காத்து வைத்தியம் பாக்கணும், முடிஞ்சவரைக்கும் அங்கயே குணமாக்கி அனுப்பணும், எமர்ஜென்சி வார்டையும் போலீஸ் வண்டியையும் தேவையில்லாம நிரப்பக் கூடாது. அந்த வழிதான் நாங்க எல்லாரும் போற வழி.

ஷிஃப்ட்னா கேட் திறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிரணும். கட்டில் விரிச்சு, மருந்துப் பெட்டி எண்ணி, ஆக்சிஜன் சிலிண்டர் பாத்து, ரேடியோ வாங்கி, எந்த வழியா ஸ்ட்ரெச்சர் போகும், ஆம்புலன்ஸ் எந்த கேட்ல நிக்குதுன்னு நடந்தே பாத்துரணும், இருட்டினதுக்கு அப்புறம் தேட முடியாது. கூட்டத்துக்குள்ள ரெண்டு ரெண்டு பேரா சுத்துற டீம் ஒண்ணு, டென்ட் வாசல்ல யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்கிற நர்ஸ் ஒருத்தர், உள்ள படுக்கைகள், அதுக்கும் பின்னாடி சத்தம் கம்மியா வெளிச்சம் மங்கலா ஒரு மூலை. அந்த மூலையப் பத்தி அப்புறம் சொல்றேன்.

வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு போதைக்கும் அவங்க பிரச்சனைக்கும் சம்பந்தமே இருக்காது, இதை நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா கச்சேரி மெடிக்கல்னாலே ஒரு மாதிரி பாக்குறாங்க. செருப்பில்லாம ஆடி கால் கிழிஞ்சவங்க, கணுக்கால் பிசகினவங்க, குளவி கொட்டினவங்க, வெயில்ல தோல் வெந்தவங்க, தலைவலி, இன்ஹேலர மறந்தவங்க, நாப்கின் கேட்டு வர்றவங்க, குழந்தைக்கு இயர் பிளக் கேட்டு வர்ற அப்பாக்கள். இயர் பிளக் கூடை கூடையா போகும். கோல்டன் கேட் பார்க் பக்கமெல்லாம் ஆகஸ்ட்லயே பனிமூட்டம் இறங்கி வெடவெடன்னு குளிரும், அது தெரியாம டி ஷர்ட்டோட வந்து நடுங்குறவங்களுக்குப் போர்வை குடுக்குறதே ஒரு வேலையாகும்.

முதல் செட்ல, அதாவது இடைவேளைக்கு முன்னாடி, பிரச்சனை வெயிலும் தண்ணியில்லாததும். வெயில்ல களைச்சு மயக்கமா வர்றவங்கள நிழல்ல படுக்க வெச்சு கால தூக்கி வெச்சு தண்ணி குடுத்தா சரியாயிரும், ஆனா உடம்பு கொதிக்குது, பேச்சு குழறுது, எங்க இருக்கோம்னு தெரியலன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், 40 டிகிரி செல்சியஸ் தாண்டி இருக்கும், அப்போ பேசிட்டே நிக்கக் கூடாது, ஐஸும் தண்ணியும் போட்டு உடனே உடம்பக் குளுர வைக்கணும், அதுக்கப்புறம்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்துறது. தண்ணி விஷயத்துல இன்னொண்ணு, எக்ஸ்டஸிங்கற போதை மாத்திரை எடுத்துட்டு, தண்ணி நிறையக் குடிக்கணும்னு எங்கயோ கேட்டு லிட்டர் லிட்டரா குடிச்சவங்களுக்கு ரத்தத்துல சோடியம் இறங்கிரும், தலைவலி, வாந்தி, குழப்பம்னு வருவாங்க, பாக்க தண்ணியில்லாம வாடினவங்க மாதிரியே இருக்கும், அவங்களுக்கு மேல மேல தண்ணி குடுத்தா வலிப்பு வரைக்கும் போகலாம். என்ன எடுத்தாங்கன்னு சொன்னாத்தானே நமக்கு இது தோணும்?

இதே மாதிரிதான் அந்தப் பையன் விஷயமும். நாலு ஃப்ரெண்ட்ஸ் தூக்கிட்டு வந்தாங்க, சட்டை முழுக்க வேர்வை, கண்ணு எங்கயோ பாக்குது, கேக்குறதுக்கு சம்பந்தமில்லாம பதில். ஃப்ரெண்ட்ஸ் நல்லவங்க, மறைக்கல, அரை டேப் ஆசிட், அதான் எல்எஸ்டி, எடுத்தான்னு சொல்லிட்டாங்க. சரி ஆசிட்தான்னு அதோட விட்டிருக்கலாம். எங்க டீம் லீடர் ஒரு நர்ஸம்மா, முப்பது வருஷத்துக்கு மேல இந்த வேலை பண்றாங்க, ‘எடுத்ததைச் சொல்லிட்டாங்க, சரி, விரல குத்திப் பாத்தீங்களா’ன்னு கேட்டாங்க. சுகர் 41. டைப் 1 டயாபடீஸ் பையன், இடுப்புல இன்சுலின் பம்ப், மத்தியானத்துல இருந்து சாப்பிடாம ஆடிருக்கான். விழுங்க முடியுதான்னு பாத்துட்டு குளுக்கோஸ் ஜெல், அப்புறம் ஜூஸ், பம்ப்ப நிறுத்தி வெச்சு கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்திப் பாத்தோம், கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உக்காந்து எந்த பாட்டு ஓடுதுன்னு கேட்டான். போதைல இருக்காங்கன்னு தெரிஞ்சதும் நம்ம கண்ணு அதுலயே நின்னுரும், அந்தம்மா அதை அனுமதிக்கவே மாட்டாங்க. குழப்பத்தோட யார் வந்தாலும் சுகர் பாக்கணும், டெம்பரேச்சர் பாக்கணும், தலைல அடிபட்டிருக்கான்னு கையால தடவிப் பாக்கணும், இதுல விதிவிலக்கே கிடையாது.

பயத்தைப் பத்தி பேசினேன், வெட்கமும் அதே அளவுக்கு ஆளக் கொல்லும். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், வெள்ளைத் தாடி, மனைவி கையப் புடிச்சுக்கிட்டு நடந்தே வந்தார். நெஞ்செரிச்சல்தான், ஒரு ஆன்டாசிட் குடுங்க, ட்ரம்ஸ் முடியறதுக்குள்ள போகணும்ங்கறார். முகம் வெளுத்து நெத்தில பொட்டுப் பொட்டா வேர்வை. படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தாங்க, ஆஸ்பிரின் மெல்லக் குடுத்தாச்சு, ஆம்புலன்ஸ் வருது. பாராமெடிக் நைட்ரோகிளிசரின் கையில எடுத்துட்டு, வயாக்ரா மாதிரி ஏதாவது போட்டீங்களான்னு கேட்டார். அவர் மனைவியப் பாத்தார், இல்லன்னார். அந்த ஒரு பார்வைய நர்ஸம்மா கவனிச்சுட்டாங்க. ‘வாங்க, அவர் தினமும் போடுற மாத்திரை லிஸ்ட் எழுதிக்கலாம்’னு மனைவிய மெதுவா அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, பாராமெடிக் குனிஞ்சு திரும்பக் கேட்டார், ‘காலைல ஒண்ணு போட்டேன்’னு சொன்னார். வயாக்ரா போட்டு 24 மணி நேரத்துக்குள்ள நைட்ரோகிளிசரின் குடுத்தா பிபி பாதாளத்துக்குப் போயிரும், ஹார்ட் அட்டாக்ல இருக்குறவருக்கு அது தாங்காது. மருந்த உள்ள வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரிய வராது, ஆம்புலன்ஸ் கதவ சாத்தினா அதோட எங்க பங்கு முடிஞ்சுது, இந்த வேலைல எனக்கு இன்னும் பழகாத ஒரு விஷயம் இது.

இடைவேளை முடிஞ்சு ரெண்டாவது செட் பாதிக்கு மேல போனா எங்க பின்பக்க மூலை நிரம்ப ஆரம்பிக்கும். டெட் வழி பேண்டுகள்ல ரெண்டாவது செட் நடுவுல ட்ரம்ஸ், அப்புறம் ஸ்பேஸ்னு ஒரு பகுதி வரும், பாட்டுன்னு ஒண்ணு இல்லாம தாளம் மட்டும், அப்புறம் உருவமே இல்லாத சத்தம், தெளிவா இருக்குறவங்களையே அது எங்கயோ கொண்டு போயிரும். எல்எஸ்டியோ போதைக் காளானோ எடுத்து உச்சத்துல இருக்குறவங்கள்ல சிலருக்கு அந்த நேரத்துல தரையே நழுவிரும். அவங்களோட எடிபிள்ஸ், அதாவது கஞ்சா கலந்த தின்பண்டம், சாப்பிட்டவங்களும் வருவாங்க. கலிஃபோர்னியா கடைல விக்கிற கஞ்சா மிட்டாய்ல ஒரு தடவைக்கான அளவு 10 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, ஒரு பாக்கெட்டுக்கே 100தான், ஆனா அது ஏறுறதுக்கு அரை மணில இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும்ங்கறது பல பேருக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகலயேன்னு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, எல்லாம் சேந்து ரெண்டாவது செட்ல ஏறி நெஞ்சு படபடன்னு அடிக்க சாகப் போறேன்னு அழுதுகிட்டே வருவாங்க.

அந்த மூலைல வேலைன்னா உக்காந்திருக்குறதுதான். ஒருத்தருக்கு ஒருத்தர். சுத்தி நாலு பேர் நின்னு பாக்கக் கூடாது. ‘உனக்கு ஒண்ணுமில்ல’ன்னு சொல்லக் கூடாது, அவங்களுக்கு ஏதோ பெருசா நடந்துட்டுதான் இருக்கு, ஒண்ணுமில்லன்னு சொல்றவங்கள எப்படி நம்புவாங்க? நான் சொல்றது வழக்கமா இதுதான்: ‘நீ ஒண்ணு எடுத்திருக்க, அது வேலை செய்யுது, கொஞ்சம் கொஞ்சமா இறங்கிரும், அது வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருப்பேன்.’ எத்தனை தடவை கேட்டாலும் அதே குரல்ல அதையே சொல்லணும். தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும், பிபி கஃப் கட்டும்போது இது கையை இறுக்கும் அப்புறம் விட்டுரும்னு முன்னாடியே சொல்லணும், இல்லன்னா பாம்பு சுத்துதுன்னு பதறிருவாங்க. படுக்கணுமா உக்காரணுமா, போர்வை வேணுமா வேணாமா, தண்ணியா ஜூஸான்னு சின்னச் சின்ன முடிவ அவங்ககிட்ட விட்டா, கைவிட்டுப் போனதுல கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி அவங்களுக்கு இருக்கும். எனக்கு ஷிஃப்ட் மாறும்போது சொல்லாமப் போறதில்ல, அடுத்து உக்காரப் போறவங்கள அறிமுகப்படுத்தி வெச்சுட்டுதான் எந்திரிப்பேன்.

ஒருத்தர் நேரம் நின்னு போச்சுன்னு நம்பினார், இந்த பாட்டு முடியவே முடியாது, நான் இதுக்குள்ளயே மாட்டிக்கிட்டேன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். வாதாடல. வெளிய என்ன கேக்குதுன்னு மட்டும் கேட்டேன், கிட்டார்னார், அப்புறம் கொஞ்சம் கழிச்சு இப்போ ஆர்கன்னார், அப்புறம் ஜனங்க கைதட்டுறாங்கன்னார், ஒவ்வொண்ணா அவரே சொல்லச் சொல்ல நேரம் நகருதுன்னு அவருக்கே புரிய ஆரம்பிச்சுது. எல்எஸ்டி 8-ல இருந்து 12 மணி நேரம் இருக்கும், அதுனால கச்சேரி முடிஞ்சதும் சரியாயிருவாங்கன்னு எதிர்பாக்க முடியாது. ஆனா உக்காந்திருக்கும்போது கண்ணு வேலை செஞ்சுட்டே இருக்கணும். உடம்பு சூடு ஏறிட்டே போகுது, கை கால் விறைக்குது, நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்பினா எந்திரிக்கல, இதுல எது வந்தாலும் பேச்சுக்கு அங்க வேலையில்ல, உடனே டாக்டர். அன்பா பேசுறது மட்டும் போதும்னு நினைச்சு வர்ற சில புது வாலண்டியர்ஸ்கிட்ட நான் இதுல கண்டிப்பா இருப்பேன்.

பார்க்கிங் லாட் தனிக் கவலை. பலூன்ல நைட்ரஸ் ஆக்சைடு, அதான் சிரிப்பு வாயு, விக்கிறவங்க வருவாங்க, ஒரு நொடி மயக்கம், நின்ன நிலைல அப்படியே சாஞ்சு தார் ரோட்ல தலை அடிபடும், காயமெல்லாம் அதுல இருந்துதான். நைட்ரஸ் விக்கிற அந்தக் கும்பல் மேல எனக்கு இருக்குற கோவம் குறையவே இல்ல. அதைவிடப் பயங்கரம் ஃபெண்டனில், மூச்சையே நிறுத்திடக் கூடிய கடுமையான வலி மருந்து, வேற எதுவோன்னு நினைச்சு வாங்கின பொடில அது கலந்திருக்கும். ஒரு ராத்திரி ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்து எங்க சட்டையப் பாத்துட்டு கையப் புடிச்சு இழுத்துச்சு. அங்க ஒரு பையன் உதடு நீலமா, மூச்சு எப்பவோ ஒண்ணு, கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கிருக்கு. மாஸ்க் வெச்சு மூச்சு குடுத்துக்கிட்டே மூக்குல நலாக்ஸோன் (ஃபெண்டனில் மாதிரி மருந்துகளோட வேலைய முறிக்கிற மருந்து) ஸ்ப்ரே, ரெண்டு மூணு நிமிஷத்துல அசைவு இல்ல, ரெண்டாவது ஸ்ப்ரே, அப்புறம் இருமிக்கிட்டு முழிச்சான். முழிச்சதும் போறேன்னு எந்திரிச்சான். அவன ஆம்புலன்ஸ்ல போக ஒத்துக்க வெக்கிறதுதான் பெரிய வேலையாச்சு, ஏன்னா நலாக்ஸோன் அரை மணில இருந்து ஒன்றரை மணிக்குள்ள அடங்கிரும், உள்ள இருக்குற ஃபெண்டனில் மிச்சம் இருந்தா திரும்ப மூச்சு நிக்கலாம். அந்தப் பொண்ணு முதல்ல போலீஸ் வருமோன்னு நினைச்சு காருக்குப் பின்னாடியே அவன மறைச்சு வெச்சிருந்துருக்கு. கலிஃபோர்னியால 2013-ல இருந்து சட்டம் இருக்கு, ஓவர்டோஸ்னு உதவி கேட்டுக் கூப்பிடுறவங்களையும் மயங்கினவங்களையும் கையில கொஞ்சம் வெச்சிருந்ததுக்காக கைது பண்ண மாட்டாங்க. இதை வாய்ப்பு கிடைக்கிற எல்லார்கிட்டயும் சொல்றேன். நலாக்ஸோன் ஸ்ப்ரே 2023-ல இருந்து அமெரிக்கால மருந்துச் சீட்டு இல்லாமயே கடைல வாங்கலாம், கச்சேரிக்குப் போறவங்க பைல ஒண்ணு வெச்சுக்கோங்க, நீங்க எதுவும் எடுக்காதவங்களா இருந்தாலும் சரி.

எதுவும் எடுக்காதவங்கன்னதும் மஞ்ச பலூன் மேசையச் சொல்லணும். வார்ஃப் ராட்ஸ்னு ஒரு கூட்டம், 1980கள்ல இருந்து இருக்காங்க, குடியும் போதையும் விட்டவங்க, ஆனா இசைய விட மனசில்லாதவங்க. இடைவேளைல மஞ்ச பலூன் கட்டின மேசைகிட்ட கூடி பேசுவாங்க. எங்க மூலைல தெளிஞ்சு எந்திரிச்சவங்க யாராவது, இதை நிறுத்தணும்னு நினைக்கிறேன்னு அவங்களா சொன்னா, நாங்க லெக்சர் குடுக்குறதில்ல, அந்த மேசை வரைக்கும் கூட நடந்து போறோம்.

கச்சேரி முடிஞ்சு லைட் போட்டதும் எங்களுக்கு கடைசி நெருக்கடி. இன்னும் இறங்காதவங்கள என்ன பண்றது? தனியா யாரையும் அனுப்புறதில்ல, கூட வந்தவங்கள ரேடியோல தேடி, கேட்ல பேர் சொல்லி விசாரிச்சு, தெளிவா இருக்குற ஒருத்தர் கையில ஒப்படைச்சு, வண்டி ஓட்டப் போறது யாருன்னு கேட்டுட்டுதான் விடுவோம். ஆள் கிடைக்கலன்னா நாங்களும் கிளம்ப மாட்டோம்.

வர விருப்பம் இருக்குறவங்களுக்கு: நர்ஸ், டாக்டர், இஎம்டின்னா லைசென்ஸ் காப்பி கேப்பாங்க, மத்தவங்களுக்கு சிபிஆர் சர்ட்டிஃபிகேட் போதும், முதல் சில ஷிஃப்ட் அனுபவசாலி ஒருத்தரோடதான் போடுவாங்க. மேடை கண்ணுல படாத இடத்துலதான் பெரும்பாலும் இருப்பீங்க, அதுனால பாட்டு பாக்கலாம்னு மட்டும் வராதீங்க. நல்ல ஷூ போட்டுட்டு வாங்க, சின்ன டார்ச் ஒண்ணு, குளிருக்கு ஒரு ஜாக்கெட், முதல்ல வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க, ராத்திரி எப்போ நேரம் கிடைக்கும்னு சொல்ல முடியாது.